நூறு இடதுகால் செருப்புகள்

றோசலினுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேகமாகும். அந்த ஒக்ரோபரில் அவள் முத்திரை ஒட்டிய வேகத்தைப் பார்த்து, நல்ல வேலைக்காரி கிடைத்தாள் என்று செல்வரட்ணம் மனம் குளிர்ந்தார். பாவம் மனுசன்.

செல்வரட்ணம் வீடு விற்பவர். வோபர்னில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அவருடைய ஒஃபிஸ். கருவாட்டு மணம் படியேறி வரும், சனம் வராது. அவர் அனுப்பிய விளம்பரங்கள் எங்கே போகின்றன என்று றோசலினுக்குத் தெரியும். டோர்செட் பார்க்கில் அவள் குடியிருந்த கட்டடத்தில், தபால் பெட்டிகளுக்குக் கீழே இருந்த குப்பைக் கூடைக்குள் செல்வரட்ணம் படம் படமாகச் சிரித்துக்கொண்டு கிடந்தார்.

அந்தக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய என்வலப்பை ஒருவரும் எறிவதில்லை. கலியாணக் கார்ட் அல்லவா? ஆருடையது என்று தெரியாவிட்டாலும் மேலே கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் திறப்பார்கள். றோசலின் மன்னார் வேதக்காரி. ஆனாலும் மஞ்சள் வாங்குகிறவளிடம் கடைக்காரன் ஞானஸ்நானப் பத்திரமா கேட்கிறான்? அவருடைய விளம்பரத்தை முந்நூறு என்வலப்பில் போட்டு மஞ்சள் தடவினாள். அந்தக் கோடையில் செல்வரட்ணம் பதினொரு வீடு விற்றார்.

கொம்பனி விருந்தில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மஞ்சள் யோசனை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "ஒருநாள் சாமியறையிலை நிக்கேக்கை வந்தது" என்றார். கடைசி மேசையில் இருந்த றோசலின் மஞ்சள் போகாத நகங்களோடு கைதட்டினாள்.

கேடயம் போகட்டும். அவளுக்கு வேண்டியது ஒரு கடிதம். தன்னிடம் இவள் நிரந்தரமாக வேலை செய்கிறாள் என்று அவர் கையெழுத்து வைத்த ஒரேயொரு தாள். அது கிடைத்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருந்த புருஷன் சீமோனையும் மகள் ஸ்டெபனியையும் இங்கே கூப்பிடக் குடிவரவுக்கு விண்ணப்பம் போடலாம். அவர்களை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வரும்போது ஸ்டெபனிக்கு மூன்று வயது. இப்போது ஏழு. போன மாதம் ரெலிபோனில் தாயையே "அன்ரி" என்று கூப்பிட்டுவிட்டாள்.

கடிதத்தைக் கேட்கும் போதெல்லாம் செல்வரட்ணம் ஒன்றைத்தான் சொல்வார்: "அடுத்த கிழமை பாப்பம்." எட்டு மாதமாக அடுத்த கிழமை.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு அது. டவுன்ரவுன் ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரர் நடத்திய வகுப்புக்குப் போய்விட்டு அவர் கண் பளபளக்க வந்தார்.

"றோசலின், இனி மஞ்சள் வேண்டாம். பெட்டிக்குள்ளை ஒரு சப்பாத்து. ஒரு காலுக்கு மட்டும்! 'உங்கள் ஒரு கால் புது வீட்டுக்குள் வந்துவிட்டது, மற்றக் காலுக்கு என்னிடம் வாருங்கள்.' எப்பிடி? ஆராவது எறிவினமோ?"

"சப்பாத்து விலையெல்லோ அண்ணை?"

"அதுதான் ஒஷாவாவிலை ஒரு இடத்திலை நூறு சோடி ரப்பர் செருப்பு மலிவா எடுத்திட்டன்."

றோசலின் நிமிர்ந்தாள். "செருப்போ? அண்ணை, எங்கடை சனத்துக்குச் செருப்பனுப்பினால்..."

"உமக்கு மார்க்கெற்றிங் தெரியுமோ? நான் படிச்சிட்டு வந்து நிக்கிறன். நீர் முத்திரையை ஒட்டும்."

"அப்ப என்ரை கடிதம்?"

"நூறும் போகட்டும். அடுத்த கிழமை பாப்பம்."

அப்போதுதான் வாய் மூடியது. முகவரித் தாள்கள் அடுத்த மஞ்சள் கார்டுக்காக அவள் முதலே எழுதி வைத்தவை. பெயரைப் பார்க்காமலே ஒட்டினாள். தன் பங்குக்கு ஒன்றும் சேர்த்தாள்: அவருடைய படம் போட்ட தாளைப் பெட்டியின் அடியில் விரித்து, இடதுகால் செருப்பின் குதி சரியாக அவர் மூக்கில் மிதிக்கிறமாதிரி வைத்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் "ஆண்டவரே, மன்னியும்" என்றாள். அறுபதாவதோடு அதையும் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் பின்னேரம், வீட்டில் இருந்து, யார் யார் செல்வரட்ணத்தைத் திட்டியிருப்பார்கள் என்று சந்தோசமாகப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு போனாள். எழுபத்துநாலாவது பெயரில் விரல் நின்றது. யோசப். இதே கட்டடம், ஒன்பதாம் மாடி. ஷெல்லடியில் வலது கால் போன மனுசன்.

எலிவேற்றர் வரவில்லை. தன் நாலாம் மாடியில் இருந்து ஐந்து மாடியும் ஓடி ஏறினாள். அவர் சோபாவில் இருந்தார். பெட்டி திறந்து கிடந்தது.

"யோசப்பண்ணை, அது பிழையா வந்திட்டுது. தாங்கோ."

"என்ரை பேர்தானே? எழுத்தும் உம்மடை எழுத்து."

அழுகை வந்துவிட்டது. மஞ்சள், கேடயம், கடிதம், மூக்கு எல்லாவற்றையும் கொட்டினாள். யோசப் செருப்பைக் கீழே போட்டு இடது காலை நுழைத்தார். அளவாக இருந்தது.

"அழாதையும் பிள்ளை. மற்ற ஆக்களுக்கெல்லாம் பாதிதான் வந்திருக்கு. எனக்கு மட்டும் முழுசா வந்திருக்கு."

சிரிப்பதா என்று தெரியாமல் அவள் மூக்கைத் துடைத்தாள்.

"என்னட்டை மட்டும் ஓடி வந்தனீர். மற்ற வீடுகளிலை ஒருதருக்கும் நோகாதோ?"

அவள் குனிந்து பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"சரி, நாளைக்கு அதுகளையும் பாரும். ஆனா முதலிலை உம்மடை கடிதத்தை எடும்."

மறுநாள் கருவாட்டு மணத்தை முந்திக்கொண்டு சனம் படியேறியது. அருள்மலர் அன்ரி செருப்பைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தம்பி, வீட்டுக்குச் செருப்பனுப்புற அளவுக்கு நாங்கள் உமக்கு என்ன செய்தனாங்கள்?" கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்து ஒன்று பறந்து வந்து ஜன்னலில் பட்டது. ரெலிபோன் வாய் ஓயவில்லை.

"றோசலின், உம்மடை குரலுக்குச் சனம் அடங்கும்," என்றார் செல்வரட்ணம். குரல் மெலிந்திருந்தது. "எல்லாருக்கும் ரெலிபோன் அடிச்சு மன்னிப்புக் கேளும்."

"கேக்கலாம் அண்ணை," என்றாள் றோசலின். "அடுத்த கிழமை பாப்பம்."

ரெலிபோன் மறுபடி அடித்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரைப்ரைற்றரில் தானே தாளைச் செருகினார். இரண்டு விரலால் அடித்து முடித்ததை அவள் வாசித்தாள். 'நிரந்தரம்' என்ற சொல்லைக் காணவில்லை. திரும்ப அடிக்க வைத்தாள். கையெழுத்துக் காயும்வரை ஊதினாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் ரெலிபோனை எடுத்தாள்.

"அன்ரி, றோசலின் கதைக்கிறன். எங்களை மன்னிக்கோணும். அனுப்பினதிலை என்ரை பிழையும் இருக்கு... ஓம், ஓம். ஆரோ ஒரு வெள்ளைக்காரன் சொன்னவராம், இவர் நம்பினவர்... அந்த மஞ்சள் கார்டோ? அது நான் செய்தது அன்ரி. ஓம், நான்தான்."

யோசப் தவிர மற்றத் தொண்ணூற்றொன்பது வீட்டுக்கும் அப்படியே சொன்னாள். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் சத்தமாக. எதிர் மேசையில் செல்வரட்ணம் தொண்ணூற்றொன்பது தரமும் கேட்டுக்கொண்டு இருந்தார். கேடயம் அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கியது.

அன்று பின்னேரம் கடிதத்தோடு விண்ணப்பத்தை என்வலப்பில் போட்டு ஒட்டினாள். மனம் கேட்கவில்லை. குசினிக்குப் போய் ஒரு மூலைக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள் தடவினாள். குடிவரவு ஒஃபிஸில் திறக்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. விளங்காவிட்டாலும் எறியாமல் இருந்தால் போதும்.