நடுவில் படுக்கவைத்த கோழி

விடிந்ததும் கீழ்வீட்டு மேனகா போட்ட சத்தத்தில்தான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். கோழிக்கூட்டின் அடிப்பலகையை மரநாய் பெயர்த்திருந்தது. ஒரு கோழியைக் காணோம். சாம்பல் கோழி விறகடுக்குக்குள் தலையைச் செருகிக் கிடந்தது. முதுகில் இறகு போய், தோல் கிழிந்து சிவந்திருந்தது. மற்ற மூன்றும் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"உசுரு இருக்கும்போதே அறுத்துருவோம். செத்துட்டா கொழம்புக்கும் ஆகாது," என்றார் அவள் கணவர் ஞானவேல்.

"ஒங்களுக்கு எந்நேரமும் கொழம்புதான். தள்ளுங்க."

பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் கிராமத்துக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது அவர்கள் வீடு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். காயம் சீழ் பிடிக்குமா, தொட்டால் நமக்கு ஏதாவது தொற்றுமா என்று நான் போனில் தேடிக்கொண்டிருந்தபோதே, மேனகா உப்புப் போட்ட வெந்நீரை ஆற்றிக் காயத்தைக் கழுவிவிட்டாள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினாள். அவளுக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸில் துணி வெளுக்கும் வேலை. அங்கே கழித்துப்போட்ட கம்பளித் துண்டில் கோழியைச் சுற்றி, மடியில் வைத்து, கருப்பட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"அக்கா, போன வச்சுட்டு இதப் பிடிங்க. கொத்துமோன்னு பயப்படாதீங்க. கொத்துனா நல்லது, தெம்பு இருக்குன்னு அர்த்தம்."

கோழி கொத்தவில்லை. கண்கூடத் திறக்கவில்லை.

"தனியா ஒரு அட்டைப்பெட்டியில வைக்கலாமா?" என்றேன்.

"அய்யய்யோ. தனியாப் போட்டா மனசு விட்டுரும்க்கா."

மேனகாவின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கே, கீழ்மலைக் காப்பித் தோட்டத்தில். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரே அறை, எட்டுப் பேர். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரை நடுவில் படுக்கவைத்து மற்றவர்கள் சுற்றிப் படுப்பார்களாம். குளிருக்கு அதுதான் அணைப்பு, மருந்தும் பாதி அதுதான். அந்த வழக்கப்படியே சாம்பல் கோழியை மற்ற மூன்றுக்கும் நடுவில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

மத்தியானம் கூட்டுக்குள் ஒரே படபடப்பு. எட்டிப் பார்த்தேன். மூன்றும் அதன் முதுகைக் கொத்திக்கொண்டிருந்தன. கையை உள்ளே விடப் பயம். குடைக் கம்பியால் விலக்கி ஒருவழியாக அதை வெளியே எடுத்தேன். மேனகா வந்து பார்த்தபோது காயம் காலையில் இருந்ததைவிடப் பெரிதாகியிருந்தது.

"எல்லாம் ஒரே அடையில ஒண்ணாப் பொரிச்ச குஞ்சுக," என்றாள்.

ஞானவேல் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சுத்தியலையும் கம்பி வலையையும் எடுத்துக்கொண்டு கூட்டை அடைக்கப் போய்விட்டார்.

மறுபடி கழுவி மருந்து பூசும்போது, கோழியிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னாள்: "நடுவுல படுக்கையில எனக்கு மூச்சு முட்டும்க்கா. ஒருநாளும் சொன்னதில்ல. பாசமாத்தான வச்சாக, எப்பிடிச் சொல்ல?"

பிறகு எழுந்து போய்ப் பஞ்சாரத்தை எடுத்து வந்தாள். கோழி மூடுகிற அந்த மூங்கில் கூடையைக் கூட்டுக்குள்ளேயே கவிழ்த்து, சாம்பல் கோழியை அதற்குள் வைத்தாள். உள்ளே இருந்து மற்றவை தெரியும். அவற்றின் மூக்கு அதன் முதுகுக்கு எட்டாது. சாயங்காலம் ஆனால் மேலே சாக்கு போர்த்தினாள். தீவனத்தைக் கூடையை ஒட்டியே உள்ளேயும் வெளியேயும் போட்டாள். முதலில் வெளியே இருந்தவை மட்டும் தின்றன. பிறகு ஒருநாள் உள்ளே இருந்தும் கொத்துகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, கேட்டிகளா?" என்றாள் மேனகா. சமையலறையிலிருந்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் ஞானவேல். அவருக்கும் காது அங்கேதான் இருந்திருக்கிறது.

புண் காய்ந்து முள் முள்ளாக இறகு முளைத்த பிறகுதான் கூடையைத் தூக்கினாள். சாம்பல் கோழி வெளியே வரவில்லை. மேனகா அதைத் தள்ளவுமில்லை, கூப்பிடவுமில்லை. கையில் விளக்குமாற்றோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"மறுபடி கொத்திட்டா?"

"பாப்போம்க்கா. நான் இருக்கேன்ல."

வெகுநேரம் கழித்து அது இரண்டடி எடுத்து வைத்தது. உடனே கறுப்புக் கோழி கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. மேனகாவின் விளக்குமாறு உயர்ந்தது. அதற்குள் சாம்பல் கோழி தலையை நீட்டி நறுக்கென்று கறுப்பின் கொண்டையில் ஒரு கொத்து கொத்தியது. கறுப்பு பின்வாங்கி, ஒன்றும் நடக்காததுபோல் மண்ணைக் கிளற ஆரம்பித்தது.

மேனகா விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.