துண்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேலி செய்வது எனக்குத் தெரியும். ஆயில் மாற்றுகிற நாளில் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டப்பா முதுகில் இருக்கிற பொடி எழுத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிப்பார் என்று. எட்டாவதோடு நின்றவன் நான். அதில் பாதி எனக்குப் புரியாது. ஆனாலும் படிப்பேன்.

ஏன் என்று இதுவரை சொன்னதில்லை. உங்க மாமா கடைசியாக வெளிநாடு போன அன்றைக்கு நீங்க பள்ளிக்கூடத்தில் இருந்தீங்க. சாயங்காலம் வந்து, "மாமாவ ஏத்தி விட்டாச்சாப்பா?" என்று கேட்டீங்க. "ஆச்சு" என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

நம்ம வெள்ளைக் கார் உங்க ரெண்டு பேருக்கும் மூத்தது. இருபத்திரண்டு வருசத்து டீசல் வண்டி. கல்யாண சவாரி, கோயில் சவாரி, திருச்சி ஏர்போர்ட் சவாரி என்று அது ஓடினால்தான் நமக்குச் சாப்பாடு. அந்தத் தடவை மாமா ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் அனுப்பிய கார்கோ பெட்டி வந்து சேர்ந்தது, ஞாபகம் இருக்கா? நீங்க சாக்லேட்டை எடுத்துக்கொண்டு ஓடிட்டீங்க. அடியில் போர்வைக்கும் பால்பவுடருக்கும் நடுவில் நாலு லிட்டர் ஆயில் டப்பா ஒன்று இருந்தது. தங்கக் கலர். மேலே 'மச்சானுக்கு' என்று மாமா கையால் எழுதி ஒட்டியிருந்தார்.

எனக்குச் சந்தோசம்தான். ஆனால் பழைய ஆயில் மாற்ற இன்னும் நாள் இருந்ததால் அலமாரியில் வைத்தேன். மாமா வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். "என்ன மச்சான், கண்காட்சிக்கா வச்சிருக்கீங்க?" என்பார். கிளம்புவதற்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, "இத ஊத்திட்டுத்தான் நான் பிளேன் ஏறுவேன்" என்று டப்பாவை அவரே தூக்கிக்கொண்டு பட்டறைக்கு என்னோடு வந்துவிட்டார்.

மெக்கானிக் மூடியைத் திறந்து ரெண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, இது புது பெட்ரோல் கார்களுக்கு உள்ளது. தண்ணி மாதிரி இருக்கு. ஒங்க வண்டி உள்ளுக்குள்ள தேஞ்சு எடம் விட்டுப் போயிருக்கு. இது நிக்காது, வழிஞ்சிரும்."

"அங்க அம்பது டிகிரி வெயில்ல இதத்தான் ஊத்தி ஓட்டுறோம்" என்றார் மாமா.

"அங்க ஓட்டுற வண்டிக்கு எத்தன வயசுங்க?"

பட்டறையில் இருந்த ரெண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். மாமா முகம் சுருங்கிப் போச்சு. வெயிலில் நின்று சம்பாதித்த காசில் எனக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியது. நான் யோசிக்கவே இல்லை. "ஊத்துங்க" என்றேன்.

"ஊத்துறேன். நாளைக்கு நான் சொல்லலன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றார் மெக்கானிக்.

பிள்ளைகளா, அன்றைக்கு நான் ஆயிலைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.

நாலாம் நாளே வண்டி நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கறை. மண்ணைப் போட்டு மூடினேன். மறுநாளும் கறை. கீழே ஒரு சாக்கை விரித்தேன். அளவுக் கம்பியை உருவி எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிசம் ஆகாது. நான் பார்க்கவில்லை. பார்த்தால் குறைந்திருப்பது தெரிந்துவிடும், தெரிந்தால் மாமாவிடம் சொல்ல வேண்டி வரும். அவர் போகட்டும், மறுநாளே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

அது திங்கட்கிழமை. ராகு காலம் ஒன்பதுக்கு முடியட்டும் என்று காத்திருந்து கிளம்பினோம். முன்னால் மாமா. பின்னால் உங்க அம்மாவும், மாமாவுக்குக் கட்டிக் கொடுத்த என் தங்கச்சி, உங்க அத்தையும். அத்தை மடியில் தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு. ஏர்போர்ட் வாசலில் மர நிழலில் உட்கார்ந்து நாலு பேரும் சாப்பிட்டுவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் போய் மறைகிற வரைக்கும் நின்று பார்க்கணும் என்று அத்தைக்கு ஆசை. ரெண்டு வருசத்துக்கு அதுதான் கடைசிப் பார்வை.

பன்னிரண்டு மணிக்கு ஏர்போர்ட்டில் கவுண்டரை மூடிவிடுவார்கள். அந்த பிளேனை விட்டால் வேறு வழியில்லை. ஆறு மாசத்துக்கு மேல் ஊரில் தங்கினால் விசா செல்லாது. வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்று மாமா கடைசி நாள் வரைக்கும் இழுத்துவிட்டார். மறுநாளோடு ஆறு மாசம் முடிகிறது.

அறந்தாங்கி தாண்டி முதல் வேகத்தடையில் மெதுவாக்கினேன். எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அது எரிந்தால் இஞ்சினுக்குள் ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். உடனே நிறுத்தணும். நிறுத்தாமல் ஓட்டினால் இஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றுவிடும். இது எனக்குத் தெரியாதா? இருபது வருசமாக வண்டி ஓட்டுகிறவன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து விளக்குக்கு மேல் போட்டேன்.

"என்ன மச்சான்?"

"வெயிலு கண்ணு கூசுது மாப்ள."

வேகம் எடுத்தால் விளக்கு அணையும். மெதுவாக்கினால் எரியும். அதனால் ஒரு வேகத்தடை, ஒரு ஆட்டு மந்தை வந்தாலும் துண்டின் நுனியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். நிற்கிற இடத்திலெல்லாம் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே நின்றேன். புதுக்கோட்டை வருகிறவரை மாமா கூரைக்குக் கம்பி வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டேன். 'டக் டக்' என்று உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் புதிதாகச் சேர்ந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். உங்க அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருக்கோகர்ணம் தாண்டினால் ரோட்டு வேலை. ஒரு பக்கம் மட்டும்தான் வழி. முன்னால் டவுன் பஸ், லாரி என்று எல்லாம் ஊர்ந்தது. மணி பத்தே முக்கால். எவ்வளவு மிதித்தும் விளக்கு அணையவில்லை. துண்டு நைந்து போன பழைய துண்டு. நூலுக்கு நடுவே சிவப்பு தெரிந்தது.

மாமா கதையை நிறுத்தினார். துண்டைத் தூக்கினார்.

"இது எப்பருந்து எரியுது?"

"அறந்தாங்கிலருந்து."

"ஏன் மச்சான் சொல்லல?"

நான் ஓரம் கட்ட இடம் தேடினேன். பின்னாலிருந்து உங்க அம்மாதான் பேசினாள். "நீ ஊத்துன ஆயிலுடா. ஒன்ட்ட எப்படிச் சொல்லுவாரு? பத்து நாளா சாக்க மாத்தி மாத்திப் போடுறாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஓரம் கட்டி வண்டியை அணைத்தேன். மாமா போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு பானெட்டைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவினார். நுனியில் கூட ஆயில் ஒட்டவில்லை. அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பட்டறையிலயே என்னைய ரெண்டு திட்டு திட்டியிருந்தா நான் என்ன, ஒங்க தங்கச்சிய ஒங்க வீட்டுலயே கொண்டாந்து விட்டுருவேனா?"

சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

பின்னால் திருச்சி பஸ் ஒன்று ஊர்ந்து வந்தது. ஏர்போர்ட் வழியாகப் போகிற பஸ். நான் ரோட்டில் இறங்கி ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டேன். டிரைவர் வைத வசவை எழுத முடியாது.

"ஏர்போர்ட்டுக்குண்ணே, பன்னெண்டுக்குள்ள போகணும்!"

கண்டக்டர் பெட்டிகளைப் பார்த்தார். "என்னண்ணே, வீட்டையே தூக்கிட்டுப் போறீங்களா? சூட்கேஸ் ஏத்து, அட்டைப் பெட்டிக்கு எடமில்ல. சீக்கிரம், சீக்கிரம்!"

அட்டைப் பெட்டியில்தான் அத்தை செய்த முறுக்கும் ஊறுகாயும். சூட்கேஸைத் தூக்கிப் படியில் வைத்தேன். மாமா ஏறினார். அத்தை தூக்குச்சட்டியோடு காரை விட்டு இறங்குவதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் ஆடியது. அது மாமா கைதானா என்று கூடத் தெரியவில்லை. அவ்வளவுதான் அந்த ரெண்டு வருசத்துக்கு.

மாமாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அத்தை புளியமரத்தடியில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் இருந்த பெட்ரோல் பங்குக்கு நடந்தேன்.

"என்ன ஆயில் வேணும்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருசம் மெக்கானிக் ஊற்றினார், நான் ஓட்டினேன். "இருபத்திரண்டு வருசத்து டீசல் காரு" என்றேன். அவர் டிராக்டர் படம் போட்ட டப்பாவை எடுத்து வைத்தார். பின்பக்கம் 15, 40 என்று ரெண்டு எண். "மொத எண் குளிர்ல எப்படி ஓடும்னு. ரெண்டாவது சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு. ஒங்க வண்டிக்கு ரெண்டாவதத்தான் பாக்கணும்" என்றார். இதற்கு முன்னால் ஊற்றிய டப்பாவில் என்ன எண் இருந்தது என்று அவர் கேட்டார். நான் படித்ததே இல்லை. 'மச்சானுக்கு' என்பதை மட்டும்தான் படித்திருந்தேன்.

திரும்பி வந்து, இஞ்சின் ஆறியதும் ஊற்றி, கம்பியில் அளவு பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. இஞ்சின் பிடித்ததும் அணைந்தது.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிசம் இருக்கும்போது போன் வந்தது. அத்தை ஸ்பீக்கரில் போட்டாள். "உள்ள வந்துட்டேன். போர்டிங் பாஸ் போட்டாச்சு" என்றார். பிறகு, "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அத்தை போனை என்னிடம் நீட்டினாள். "வெளக்கு அணஞ்சிருச்சு மாப்ள" என்றேன்.

"பிளேன் கெளம்ப இன்னும் நேரம் இருக்கு ஆத்தா, ஏர்போர்ட்டுக்கே போவோமா?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"உள்ள போயிட்டாருல்ல. இனி அங்க யாரப் பாக்கண்ணே?" என்றாள்.

வண்டியைத் திருப்பினேன். அத்தை பின்னால் ஏறவில்லை. மாமா உட்கார்ந்த முன் சீட்டில், திறக்காத தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துண்டை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தாள். வீடு வந்து சேருகிற வரைக்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும், அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது எரியவில்லை.