கூட்டிப் பெருக்கிய காடு

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு துண்டுக் காணி கிடந்தது. பழைய கராஜுகளை இடித்துவிட்டுக் கவுன்சில் மறந்துபோன இடம். அதைப் பறவைக்கும் பூச்சிக்கும் இருப்பிடமாக, அக்கம்பக்கத்தார் வந்து இலையும் பழமும் பறித்துப்போகிற பொதுத்தோட்டமாக ஆக்க வேண்டும் என்று ஆறு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி. ஓய்வுபெற்ற நேர்ஸ். நான் அவரோடு சேர்ந்த காரணம் அவ்வளவு உயர்ந்ததல்ல. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன், குப்பையைக் கண்டேன், கை துருதுருத்தது.

நான் சேர்ந்தால் தனியாகச் சேர மாட்டேன். தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனையையும் இழுத்துக்கொண்டு போனேன். மெத்தை, உடைந்த கதிரை, மழைநீர் நிறைந்த குளியல் தொட்டி எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டோம். மிச்சத்தைத் தொட வேண்டாம் என்றார் அவர். முட்பற்றையில் பிளாக்பெரி காய்க்கும், உக்கிய மரக்குற்றிக்குள் வண்டு வாழும், இங்கே நெட்டில் என்கிற, தொட்டால் குத்தித் தடிக்கவைக்கும் காஞ்சோண்டியில்தான் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நாங்கள் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

காணியை எங்களுக்குக் கொடுப்பதா, கார் நிறுத்துமிடம் ஆக்குவதா என்று முடிவு செய்யக் கவுன்சில் அதிகாரி ஒருவர் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அந்த லீவுக்கு நேர்ஸம்மா தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு பெரிய ஆள் வரப்போகிறார், இடம் கிடக்கிற கோலத்தைப் பார் என்று எனக்கு நித்திரை வரவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் முற்றம் கூட்டாமல் விடுகிற சாதியா நாங்கள்?

திங்கட்கிழமை விடிய இறங்கினோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு லண்டனில் அதற்கு முன் கிடைத்ததில்லை. ஒருவர் மண்வெட்டியால் செதுக்க, ஒருவர் வாரிக் கறுப்புப் பையில் அடைக்க, போனில் பாட்டு அலற, மத்தியானம் சோற்றுப் பார்சல் வர, கலியாண வீடு கெட்டது. மரக்குற்றி போனது, முட்பற்றை போனது, காஞ்சோண்டி வேர்மட்டம் வரை போனது. கடைசியில் தமிழ்க்கடையில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாற்றால் வரிவரியாக நானே கூட்டி, புழுதி கிளம்பாமல் தண்ணீரும் தெளித்தேன். மண் அப்படியே பளிச்சென்று கிடந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். இளம்பெண். நேர்ஸம்மா அப்போதுதான் தங்கை வீட்டிலிருந்து வந்து பெட்டியோடு நின்றார். இருவரும் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். இதை யார் செய்தது என்று அதிகாரி கேட்டார். பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்து நான் கையை உயர்த்தினேன். கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே உயர்த்தினேன்.

அவர் வந்தது அங்கே என்னென்ன உயிர் வாழ்கிறது என்று பார்த்து எழுதுவதற்காம். கையில் இருந்த படிவம் வெறுமையாகவே இருந்தது. ஜூன் கடைசியில் திரும்ப வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் கார் நிறுத்துமிடம்தான் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நேர்ஸம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு அன்றிரவு சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

அதன்பிறகு எங்கள் தெருவில் நடந்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். புல் முளைக்கிறதா என்று ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை நான் குந்தியிருந்து பார்த்தேன். காணிக்குள் கால் வைத்தவர்களைத் துரத்தினேன். கோயிலில் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்தேன்.

"பிள்ளை வேணுமெண்டு நேர்த்தி வைச்ச ஆக்களைப் பாத்திருக்கிறன், விசா கிடைக்க வைச்ச ஆக்களையும் பாத்திருக்கிறன். காஞ்சோண்டிக்கு வைச்சது நீர் ஒராள்தான்," என்றார் என் கணவர். சொன்னவர்தான் மழை பெய்யாத நாட்களில் வாளியோடு பின்கதவால் நழுவினார்.

மூன்றாம் கிழமை வேலியோரத்தில் பச்சையாக ஏதோ தலை காட்டியது. அதுவேதானா, வேறு செடியா? ஒரே ஒரு வழிதான் இருந்தது. விரலால் தொட்டேன். சுரீரென்று குத்தியது. அடுத்த நிமிடம் நேர்ஸம்மாவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் திறந்ததும் எனக்கு ஆங்கிலம் முழுக்க மறந்துவிட்டது.

"குத்திப்போட்டுது! காஞ்சோண்டி குத்திப்போட்டுது!"

அவர் தடித்துப்போன விரலைப் பார்த்தார். நேர்ஸ் அல்லவா, சொல்லாமலே விளங்கிக்கொண்டார். வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். அறுபது வயதுப் பெண்கள் இரண்டு பேரும் மண்ணில் குந்தியிருந்து, இரண்டங்குலச் செடியைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஜூன் கடைசியில் காஞ்சோண்டி இடுப்பளவு நின்றது. இலைக்கு அடியில், வண்ணத்துப்பூச்சியாகப் போகிற கறுப்பு மயிர்க்கொட்டிகள் கொத்துக்கொத்தாக நெளிந்தன. அதிகாரி எழுதிக்கொண்டேயிருந்தார். மயிர்க்கொட்டி இல்லாத மூலையில் கையுறை போட்டுப் பறித்த காஞ்சோண்டிக் கொழுந்தை, சுணை போக அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்துக் கொடுத்தேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காணி எங்களுக்குத்தான் என்றார். பிறகு, பொறுப்பாளர் என்று யாருடைய பெயரைப் போடுவது என்று கேட்டார்.

நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன். ஆறு வருடம் கடிதம் எழுதியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவர் பெயரைப் போடுங்கள். இந்த இடத்துக்கு என்னென்ன கெடுதி வரலாம் என்று இவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை," என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் பேனையை வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது அழுகை வந்துவிட்டது. அவர் என்னை மன்னிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். நம்புவார் என்று நினைக்கவேயில்லை.