ஹோட்டல்ல இருக்கோம்

ஈரம் காயாத தரைவிரிப்பின் வாடையும், அதை மறைக்க யாரோ தாராளமாக அடித்துவிட்டுப் போன எலுமிச்சை வாசமும் இன்றைக்கும் எங்கேயாவது சேர்ந்து மூக்கில் ஏறினால், சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஜன்னலே இல்லாத அந்த ஹோட்டல் அறைக்குள் போய் நின்றுவிடுகிறேன்.

அது ஜூன் விடுமுறை. அதே ஊரின் இன்னொரு கோடியில், தெம்பனிஸில் எங்களுக்கு வீடு இருந்தது. குடித்துவிட்டுக் கை நீட்டும் அப்பாவும் அங்கேதான் இருந்தார். ஒரு காலை அவர் வேலைக்குப் போனதும், அம்மா ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு என்னை ரயிலில் கூட்டிவந்து, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மலிவான ஹோட்டலில் அறை எடுத்தாள். "லீவுக்கு ஊர் சுத்த வந்திருக்கோம்னு நெனச்சுக்கோ" என்றாள். எனக்கென்ன, எட்டு வயது, நினைத்துக்கொண்டேன்.

பகலெல்லாம் குடியிருக்கும் ஊரிலேயே சுற்றுலாப் பயணிகளாகத் திரிந்தோம். கோயில், சந்தை, ஆற்றங்கரை, தண்ணீர் துப்பும் சிங்கம். அங்கே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சிங்கப்பூருக்கு இதுதான் முதல் தடவையா என்று கேட்டபோது, வந்து பத்தாண்டுக்கு மேலாகியிருந்த அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். கழுத்துக் காயம் தெரியாமலிருக்க அந்த வெயிலிலும் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள்.

அம்மாவுக்கு உறவென்று இருந்தது திருச்சியில் பெரியம்மா மட்டும்தான். பெரியம்மா எங்கள் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டு அப்பா எடுத்துவிடக் கூடாதே என்று, அம்மாவே மாலையில் அறைப் போனிலிருந்து "போன் கார்டு" எண்ணைப் போட்டுப் பேசுவாள். கிளம்பி வா என்று பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா போயிருப்பாள். ஆனால் பெரியம்மா வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் கட்டிக்கொண்ட புருஷனைப் பற்றி எந்த வாயால் சொல்வாள்?

முதல் நாள் போனை என்னிடம் கொடுத்தாள். எங்கே இருக்கீங்க என்று பெரியம்மா கேட்க, "ஹோட்டல்ல இருக்கோம் பெரியம்மா" என்று போட்டு உடைத்துவிட்டேன். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. பெரியம்மாவோ சிரித்தாள். "ஹோட்டலா! அப்பா கூட்டிட்டு வந்தாரா? என்ன சாப்பிட்டே?"

எங்களுக்கு ஹோட்டல் என்றால் தங்கும் இடம். திருச்சியில் அது சாப்பிடும் இடம். அம்மா போனைப் பிடுங்கி, "தோசைதான் அக்கா" என்றாள். அதன்பின் தினமும் அதே பேச்சுத்தான்.

ஒரு மாலை அம்மா படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். பெரியம்மாவின் குரல் எப்போதும் போனை மீறிக் கேட்கும். "இன்னிக்கும் ஹோட்டல்தானா? கொடுத்து வச்சவடி நீ. எங்க வீட்டுக்காரர் ஒரு டீ கூட வெளிய வாங்கித் தந்ததில்ல. உம் புருஷனப் பத்தி நாந்தான் அப்போ தப்பாப் பேசிட்டேன்."

அம்மா துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொண்டாள். பிறகு, "ஒண்ணுமில்லக்கா, சாப்பாடு ஆறுது, வச்சிடறேன்" என்றாள். மறுநாள் தெம்பனிஸுக்குத் திரும்பினோம். அப்பா மாறவில்லை. அம்மா அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை.

போன மாதம் அம்மாவின் கருமாதிக்குப் பெரியம்மா முதன்முறையாகச் சிங்கப்பூர் வந்தாள். அந்த ஹோட்டல் இப்போது இல்லை. அங்கே கைப்பேசிக் கடைகள் வந்துவிட்டன. அந்தப் பக்கம் நடக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, "உங்கம்மா தினம் சாப்பிட்ட ஹோட்டல் எதுடி? அங்க ஒரு வாய் சாப்பிடணும்" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எதிரே தெரிந்த சாப்பாட்டுக் கடைக்குள் கூட்டிப்போய், "இதுதான் பெரியம்மா" என்றேன். பொங்கலை ஒரு வாய் வைத்ததும் அவளுக்குக் கண் நிறைந்தது.

"எங்கயோ தூரத்துல இருக்காளேன்னு கவலப்பட்டேன்டி. அவ நல்லாத்தான் வாழ்ந்திருக்கா" என்றாள்.

அவளுக்கு ஒரு தோசையும் கொண்டுவரச் சொன்னேன்.