கன்னிசாமிக்கு ஒரு ஒப்பந்தம்

முதுநகரில் எனக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, பச்சரிசி, கேழ்வரகு எல்லாம் அரைத்துக் கொடுப்போம். மில்லை ஒட்டியே ஒரு டீக்கடை. அரைக்கக் கொடுத்தவர்கள் அங்கே உட்கார்ந்து காத்திருப்பார்கள். அரைக்க எதுவும் கொண்டு வராதவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கால்பந்துக்காரர்கள். ராத்திரி போனில் வெளிநாட்டு ஆட்டம் பார்த்துவிட்டு, காலையில் இங்கே வந்து சண்டை போடுவார்கள். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே சண்டை போடுவார்கள்.

அந்தக் கார்த்திகை பிறந்ததிலிருந்து ஒரே ஒரு கோல்கீப்பரைப் பற்றித்தான் பேச்சு. வெளிநாட்டு கிளப் ஒன்றின் ஆள் அவர். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருந்ததாம். எங்கள் ஆட்டோக்காரர் அவரை உடனே விற்றுவிட வேண்டும் என்ற கட்சி. இவர் ஒரு காலத்தில் ஊர் டீமுக்கு கேப்டனாக இருந்தவர். அந்த வருஷம் என்னோடு சபரிமலைக்கு மாலையும் போட்டிருந்தார்.

"முடிஞ்சுதுன்னா கைய வீசிக்கிட்டு வேற டீமுக்குப் போயிடுவான். இப்ப வித்தா நூறு கோடி. அப்புறம் ஒரு பைசா தேறாது" என்பார்.

டீக்கடைக்காரர் மாலை போடாதவர். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், கடிந்து பேசக் கூடாது என்பதால் அவருக்கு அந்த ஒரு மாதம் ரொம்பக் கஷ்டம். "சாமி, நீங்க பேசறது சுத்தப் பேத்தல், சாமி. முப்பத்தஞ்சு வயசு ஆளுக்கு எவன் சாமி நூறு கோடி குடுப்பான்?"

"கோல்கீப்பருக்கு வயசு ஏற ஏறத்தான் வெல. அவன் என்னா ஓடவா போறான்?"

"அப்ப உங்க ஆட்டோவுக்கும் வயசு ஏற ஏற வெல ஏறுதுங்களா, சாமி?"

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு இந்தக் கோடிக் கணக்கு புரியாது. ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒரு கோல்கீப்பர் இருந்ததால் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அவன் என் மனைவியின் தம்பி. தேவனாம்பட்டினத்தில் இருந்தான். டிகிரி முடித்து மூன்று வருஷம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. விடியற்காலையில் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றுவான். சாயங்காலம் கடற்கரை மணலில் எங்கள் டீமின் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்பான். அவன் கை முறம் மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்துக் கடற்கரைப் போட்டிகளில் அவனைத் தாண்டி கோல் போட்டால் போட்டவனுக்கு மாலை போடுவார்கள், அந்த அளவுக்குப் பேர்.

அவனுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு டீம் கிடைக்க வேண்டும் என்பது என் மனைவியின் வேண்டுதல். "இந்த வருஷம் அவனையும் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஐயப்பன் பாத்துக்குவார்" என்றாள். கார்த்திகை முதல் தேதி என் கையாலேயே அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மாலை போட வைத்தேன். முதல் முறை போகிறவரைக் கன்னிசாமி என்பார்கள். கன்னிசாமிக்கு நியமம் ஜாஸ்தி. இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, கறுப்பு வேட்டி, வெறுங்கால். எல்லாவற்றையும் நான்தான் அவனுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் எனக்கு மச்சான் இல்லை, சாமி. நானும் அவனுக்கு மாமா இல்லை.

மாலை போட்டு இருபது நாளில் செய்தி வந்தது. சென்னையில் முதல் டிவிஷன் ஆடும் ஒரு டீம் சிதம்பரத்தில் ஆள் எடுக்க வருகிறது. அவர்களுடைய கோல்கீப்பர் விலகுகிறார். தேர்வானால் ஒரு வருஷ ஒப்பந்தம், மாதச் சம்பளம், தங்க ரூம்.

டீக்கடையில் வெளிநாட்டுக் கோல்கீப்பரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"சும்மா அனுப்பக் கூடாது. நாம வளத்த ஆளு. ரெண்டு புது நெட்டு, அஞ்சு பந்து, ஒரு செட் ஜெர்சி. இத குடுத்தாத்தான் ரிலீஸ்" என்றார் ஆட்டோக்காரர்.

"மாட்ட விக்கற மாதிரியில்ல பேசறீங்க, சாமி."

"இது டிரான்ஸ்ஃபர்யா. ஒலகம் பூரா நடக்கறதுதான்."

"கன்னிசாமி நம்ம டீம்ல எப்பக் கையெழுத்துப் போட்டாரு, சாமி, ரிலீஸ் பண்றதுக்கு?"

ஆட்டோக்காரர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நெட்டாவது கேக்கலாம்" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மச்சான் மில்லுக்கு வந்தான். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டான். "சாமி, அங்க பூட்ஸ் கேப்பாங்களோ?"

"மலைக்குப் போற வரைக்கும் கால்ல எதுவும் கூடாது, சாமி. கோல்கீப்பருக்குக் கைதானே வேல செய்யுது?" என்றேன்.

அவன் தலையாட்டினான். ஆட்டோக்காரரும் அதையே சொன்னார். "நம்ம பீச்சுல எவன் பூட்ஸ் போட்டான்? இவ்ளோ கப்பும் வெறுங்கால்ல வாங்கினதுதான்." மணலில் ஆடியே பழகிய எங்களில் ஒருவருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழெட்டுப் பேர் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டும் வரை ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குப் போடுவதா மூன்று வருஷத்துக்குக் கேட்பதா என்று சண்டை. முன் சீட்டில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி, "மொதல்ல எடுக்கட்டும்பா" என்றார். மச்சான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, விரல் ஒவ்வொன்றையும் மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தான்.

முந்தின ராத்திரி சிதம்பரத்தில் மழை. மைதானம் நசநசவென்று இருந்தது. மச்சானை முதல் ஆளாகக் கோல் கம்பத்துக்குப் போகச் சொன்னார்கள். ரெஃப்ரி அவன் காலைப் பார்த்தார்.

"பூட்ஸ் எங்க?"

"மாலை போட்டிருக்கேன், சார்."

ரெஃப்ரி நல்ல மனிதர். கோபப்படவில்லை. "நானும் போன வருஷம் மலைக்குப் போனவன்தான், சாமி. ஆனா ரூல்ல எடமில்ல. ஆணி வெச்ச பூட்ஸால மிதிச்சா வெரல் போயிடும். யாரு பதில் சொல்றது?"

மச்சானை வெளியே உட்கார வைத்துவிட்டு, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த வேறு ஒரு பையனை நிறுத்தினார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது.

அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் தன் பூட்ஸைக் கழற்றித் தருவதாகச் சொன்னார். மச்சான் கையில் வாங்கவில்லை. "சாமிகிட்ட கேக்கணும்" என்று என்னைப் பார்த்தான்.

நான் மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதை மறைக்காமல் எழுதுகிறேன். அன்றைக்கு முதல் பாதி முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாதி அரை மணி நேரம். போடச் சொன்னால் கன்னிசாமியின் விரதத்தை நானே கெடுத்தவனாவேன். வேண்டாம் என்றால் அவன் வயிற்றில் அடித்தவனாவேன். எந்தக் காரியத்துக்காக மாலை போட்டோமோ அந்தக் காரியத்துக்கே மாலை குறுக்கே நின்றது. ஆட்டோக்காரர் என் முதுகுப் பக்கம் வந்து வந்து போனார். "அது தோலே இல்ல, சாமி, ரெக்சின். போலீஸ்காரங்க மாலையோட பூட்ஸ் போடலையா? டூட்டின்னா சாமி ஒத்துக்குவார்." நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதை நான் சொல்ல வேண்டியிருந்ததுதான் கஷ்டம்.

மேல்பட்டாம்பாக்கம் பையன் நன்றாகவே ஆடினான். சென்னையிலிருந்து வந்த கோச் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்கு விசில் ஊதினார்கள். மைதானத்து மூலையில் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். நான் அங்கே போனேன். எங்கள் வீட்டில் ஒரு முடிவு தெரியவில்லை என்றால் சீட்டுப் போட்டுப் பார்ப்பது வழக்கம். கல்யாணத்துக்குத் தேதி, மில்லுக்கு மோட்டார், எல்லாமே சீட்டுப் போட்டுத்தான். இரண்டு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஒன்றில் 'போடலாம்' என்றும் ஒன்றில் 'கூடாது' என்றும் எழுதி மடித்தேன். உள்ளங்கையில் வைத்துக் குலுக்கி, பிள்ளையார் முன்னால் போட்டு, சரணம் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

'கூடாது' என்று வந்தது.

திரும்பிப் பார்த்தேன். மச்சான் கோட்டுக்கு வெளியே ஈரப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. எதிரே காலியாக இருந்த கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட்டை மடியில் செருகிக்கொண்டு அவனிடம் போனேன். "போடு, மச்சான்" என்றேன்.

மாலை போட்டதிலிருந்து அவனை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். "சாமி, சீட்டுப் போட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்னா வந்துச்சு?"

"போடலாம்னு வந்துச்சு."

மாலை கழுத்தில் இருக்கும்போது, சாமி பேரைச் சொல்லி நான் சொன்ன பொய் அது.

பூட்ஸ் அவனுக்கு ஒரு சைஸ் சின்னது. விரலை மடக்கித் திணித்துக்கொண்டு ஓடினான். மேல்பட்டாம்பாக்கம் பையனை எதிர்ப்பக்கக் கோலுக்கு மாற்றி நிறுத்தினார்கள். மச்சான் வந்த முதல் பந்துக்கே முன்னால் பாய்ந்து சேற்றில் சறுக்கினான், கோல் விழுந்தது. சீட்டை மீறியதற்குத்தான் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அவன் ஒன்றும் விடவில்லை. மேல் மூலைக்குப் போன ஒரு பந்தை விரல் நுனியால் தட்டி வெளியே தள்ளினான். அப்போது கோச் நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் கோச் சொன்னார். "கை நல்ல கை. ஆனா தம்பிய நான் பாதி ஆட்டம்தான் பாத்தேன். அந்தப் பையன முழுசா பாத்துட்டேன்."

மேல்பட்டாம்பாக்கம் பையனை முதல் கோல்கீப்பராக எடுத்தார்கள். மச்சானை இரண்டாவதாக. ஒரு வருஷம், ரூம், சாப்பாடு உண்டு. சம்பளம் மட்டும் முதல் ஆளுக்குக் கொடுப்பதில் பாதி. பொங்கல் கழித்து வந்து சேர வேண்டும்.

ஆட்டோக்காரர் விடவில்லை. கோச்சிடமே போய், "சார், எங்க டீமுக்கு எதுனா?" என்று கேட்டுவிட்டார். கோச்சுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்து, பையிலிருந்து ஆடிப் பழசான ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் டீக்கடைக்காரர் அந்தப் பந்தைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். "நூறு கோடி சொன்னீங்களே சாமி, காத்துகூட கம்மியா இருக்கு" என்றார். பஸ்ஸே சிரித்தது. மச்சானும் சிரித்தான். என்னால் முடியவில்லை. பாதிச் சம்பளம் என்பது நான் பேசாமல் நின்ற பாதி ஆட்டம்.

மச்சான் மாலையைக் கழற்றவில்லை. எங்களோடு மலைக்கு வந்தான். தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி எல்லாரும் சரணம் சொல்வோம். அந்த வருஷம் 'தெரிந்தும்' என்ற இடத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை. என் மனைவியிடமும் நான் சொல்லவில்லை. அவள் அந்தப் பிள்ளையாருக்குச் சிதம்பரம் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த கார்த்திகை. நானும் ஆட்டோக்காரரும் மறுபடி மாலை போட்டிருந்தோம். மச்சானின் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. அவனுடைய டீம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டது, அதே இரண்டாவது இடம், சம்பளம் கொஞ்சம் கூட. இன்னொரு டீம், கீழ் டிவிஷன், முதல் கோல்கீப்பராகக் கூப்பிட்டது. சம்பளம் குறைவு, ஒரு வருஷம்தான். டீக்கடையில் இதற்கு ஒரு வாரம் சண்டை.

"மேல் டிவிஷன்ல ஒக்காந்திருந்தாலும் மார்க்கெட் எறங்காது. அங்கயே இருக்கட்டும்" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆடாத கோல்கீப்பருக்கு ஏது சாமி மார்க்கெட்டு? அரைக்காத மில்லுக்கு எவன் வருவான்?"

அந்த நேரத்தில் மச்சானே போன் பண்ணினான். "சாமி, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க சாமிகிட்ட சீட்டுப் போட்டுச் சொல்லுங்க. போன தடவ கேட்டீங்களே, அந்த மாதிரி. என்னா வருதோ அதுல கையெழுத்துப் போட்டுடறேன்."

நான் மிஷினை நிறுத்தினேன். ஒரு அம்மாவின் மல்லி பாதியில் நின்றது. மில்லின் பின்பக்கம் போனேன்.

"அன்னிக்கு சீட்டுல கூடாதுன்னுதான் வந்துச்சு" என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப பூட்ஸ் போடச் சொன்னது யாரு?"

"நான்தான். சாமி பேர்ல சொல்லிட்டேன். அதையும் மொதல் பாதியிலயே சொல்லியிருக்கணும். சொல்லல."

பிறகு, "சரி மாமா. அப்ப இதையும் நீங்களே சொல்லுங்க" என்றான்.

"மொதல் நிமிஷத்துலேர்ந்து உன்ன எவன் நிக்க வைக்கிறானோ, அங்க போ" என்றேன்.

அவன் கீழ் டிவிஷன் டீமில் கையெழுத்துப் போட்டான். இப்போது அங்கே எல்லா ஆட்டமும் அவன்தான் ஆடுகிறான். ஆட்டோக்காரருக்கு மட்டும் அந்த முடிவில் இன்றுவரை சம்மதம் இல்லை.