ஜன்னலோரம் முதுகு காட்டியவள்

உலக ஓவிய வரலாற்றுக்கு அத்தியாவசியமான ஓர் உண்மையை இதனால் அறிவிக்கிறேன். என் கணவர் கோட்லீப் ஹென்னிக் ஒரு மகா கலைஞர். அவரே சொல்லியிருக்கிறார். ட்ரெஸ்டன் நகரில் வேறு யாரும் சொன்னதில்லை. அந்த உண்மை எப்படியோ போகட்டும். கீழே வருவது 1823 ஜனவரியில், என் வீட்டில், எனக்கே நடந்தது.

இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த மாதமே அவருடைய பென்சில் படங்களுக்கு நடுவே ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஜன்னலோரம், எங்கள் நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னிச் சுற்றிய கூந்தல். கழுத்தில் ஒரு மச்சம். என் கழுத்தில் மச்சம் உண்டா என்று கேட்டால் இந்த மனிதர் யோசிப்பார். அவள் மச்சத்தில் மட்டும் அத்தனை பாசம்.

அடுத்த தாளில் அவள் கன்னம் தெரிந்தது. அதற்கடுத்ததில் மூக்கு.

மெல்ல... திரும்பிக்கொண்டிருந்தாள்.

ரொட்டியின் நடுச்சதையை உருட்டி அந்த மூக்கைத் தேய்த்தேன். பென்சில் கோட்டை எல்லோரும் அப்படித்தான் அழிப்பார்கள். ரொட்டி கறுத்தது. மூக்கு அப்படியே இருந்தது.

மறுநாள் மாலை நான்கு மணி. பனியில் அதற்குள் இருட்டிவிட்டது. அடுப்பில் உருளைக்கிழங்கு சூப். படம் வரையும் அறையிலிருந்து சத்தம்.

சர்... சர்...

பென்சில். கூடவே ஒரு பெண் மூச்சுவிடும் ஓசை.

இன்றைக்கு இரண்டு பேரும் கையும் களவுமாக அகப்பட்டார்கள் என்று கதவில் காதை வைத்தேன்.

"என்ன மின்னா, ஒட்டுக்கேக்குறியா?"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. கோட்லீப். காலணியில் தெருப் பனி.

உள்ளே... சர்... சர்...

"யாருங்க அவ?"

"அப்போ அந்தப் படங்களை நீ வரையலையா?"

"நானா?"

"நீதான்னு நெனச்சேன். என் கையைவிட நல்ல கை. மூணு வாரமா எனக்குத் தூக்கமில்ல."

திருமணமாகி இத்தனை வருடத்தில் என்னை நினைத்து அவர் தூக்கம் கெட்டது அதுதான் முதல் தடவை.

சத்தம் நின்றது.

கதவைத் திறந்தோம். யாருமில்லை.

நாற்காலியில் ஒரு தாள். முழுதாகத் திரும்பியிருந்தாள்.

என்னைப் பார்க்கவில்லை.

அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அவருடைய வலது கையை...

தாளை வீட்டுக்காரி ட்ராய்ட்லர் அம்மாளிடம் காட்டினோம். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இவளா? உங்களுக்கு முன்னாடி இருந்த ஓவியன் பொண்டாட்டி. வரையறது இவ, கீழ பேரு போட்டு விக்கிறது அவன். இவ செத்த வாரமே அவன் வலது கை மரக்கட்டையாப் போச்சு. கடைசிவரைக்கும் ஒரு கரண்டிகூடப் பிடிக்க முடியல."

கோட்லீப் எல்லாவற்றையும் கேட்டார். வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவளுக்கு இனி பேரு எதுக்கு, மின்னா?"

ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் தன் கையெழுத்தைப் போட்டார்.

இப்போது அவருக்குச் சூப்பை நான்தான் ஊட்டுகிறேன். படங்கள் நன்றாக விற்கின்றன.