திருமயம் கோட்டை உச்சிக்கு ஒரு நாற்காலிச் சவாரி

ஒன்பது மாதமாக வாசல் தாண்டாத மனிதரை வெளியே கிளப்பத்தான் இந்தப் பயணம். மனிதர் என்றால் என் கணவர். வளைகுடாவில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு கால்களும் செயலிழந்து அறந்தாங்கிக்குத் திரும்பியவர். “எல்லாரும் என்னைய வேடிக்கை பாப்பாங்க, விடு” என்பதுதான் எதற்கும் பதில். எனக்கு அழுகையும் வரும், எரிச்சலும் வரும். போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, “திருமயம் கோட்டையில இன்னைக்கு ஈ காக்கா இருக்காது மச்சான்” என்று அடித்துச் சொல்லி வேனில் ஏற்றிவிட்டேன்.

காலை எட்டுக்குக் கிளம்பினோம். வேன் மீட்டரில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. நுழைவுச்சீட்டு ஆளுக்கு இருபத்தைந்து. இறங்கிப் பார்த்தால், வாசலில் இரண்டு பள்ளிச் சுற்றுலா பஸ்! மச்சான் என்னை முறைத்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து என் தம்பிகள் இருவரும், அவர்களோடு கடலுக்குப் போகும் இருவரும் வந்திருந்தார்கள். படகு எஞ்சினைத் தூக்கும் மூங்கில் கம்புகளை ஒரு மர நாற்காலியின் இருபுறமும் கட்டி, அதில் மச்சானை உட்கார வைத்தார்கள்.

“சத்தம் போடாமத் தூக்குங்கப்பா” என்றார் மச்சான்.

இவர்களிடமா சொல்வது? கரையில் ஒருவர் ‘ஏலேலோ’ என, மற்றவர்கள் ‘ஐலசா’ என்றால்தான் எட்டுக் காலும் ஒன்றாக நடக்கும். வாயை மூடிக்கொண்டு ஏறியதில் முன்னால் இருப்பவன் ஒரு படி, பின்னால் இருப்பவன் ஒரு படி. இருபதாவது படியில் நாற்காலி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

“பாட்டு இல்லாம கால் சேரலை மச்சான். எறக்கிரவா?” என்றான் சின்னத் தம்பி.

சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, திரும்பிவிடலாம் என்பார் என்று நினைத்தேன்.

“ஏலேலோ...” என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

“ஐலசா!” என்றார்கள் நால்வரும். அடுத்த ‘ஐலசா’வில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நான் அழுதுகொண்டேதான் பின்னால் ஏறினேன், சொன்னால் என்ன?

இருபத்தைந்து நிமிடத்தில் உச்சி. பீரங்கி பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். நல்ல காற்று. கீழே கோயில் கோபுரம், கண்மாய், பைபாஸில் போகும் லாரிகள்.

“அங்கிள், பயமா இல்லையா?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

“பயந்தேன்த்தா. ஒங்களையெல்லாம் பாத்துத்தான்” என்று சிரித்தார்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள், அப்புறம் பாறை சுடும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். நடக்க முடியாதவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாற்காலியும் கம்பும் வேண்டுமென்றால் எங்களிடம் கேளுங்கள், தருகிறோம். வீல்சேரை மட்டும் கேட்காதீர்கள். வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காமல் கிடந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை மச்சானே பிரித்தார். ஜும்ஆ தொழுகைக்கு அதில்தான் போனார், அதுவும் கடைத்தெரு வழியாக.